மம்மி போனுக்கு மட்டும்

இசபெல்லின் கைப்பேசியில் வைஃபை நின்றுபோனபோது அவள் காலில் மாவுக்கட்டு இருந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்துபோனதில், சிரம்பான் மருத்துவமனையில் முழங்கால்வரை கட்டுப் போட்டு அனுப்பியிருந்தார்கள். காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கட்டிலிலிருந்து கூடத்து நாற்காலிக்கு, அங்கிருந்து குளியலறைக்கு, பிறகு திரும்பவும் கட்டிலுக்கு. ஊன்றுகோலோடு அவள் போய்வந்த தூரம் அவ்வளவுதான்.

வீடு லாபு பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குள் இருந்தது. பெரிய சாலையிலிருந்து செம்மண் பாதையில் உள்ளே வந்து, ஒரு மேட்டில் ஏறி இறங்கினால் பள்ளத்தில் ஒரு வரிசை வீடுகள். அந்தப் பள்ளத்துக்குள் எந்தக் கம்பெனியின் சிக்னலும் இறங்காது. போனில் பேச வேண்டுமென்றால் மேட்டிலுள்ள பாதைச் சந்திப்புக்குப் போக வேண்டும். மாலையில் அங்கே போனால் நாலைந்து பேர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ஆளுக்கொரு திசை பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். எண்ணெய் ஆலைவரை கேபிள் வந்தபோது, இசபெல்லின் மகன் கிளென்தான் அலைந்து திரிந்து தன் வீட்டுக்கும் ஒரு லைன் இழுத்தான். அந்த வரிசையிலேயே வைஃபை உள்ள ஒரே வீடு அதுதான். இசபெல்லுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அவளுடைய கணவர் ஹரோல்ட் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். அவள் முன்பு தோட்டத்துப் பாலர் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள். பாலர் பள்ளியை மூடிப் பல வருடங்கள் ஆகியும் தோட்டத்தில் எல்லோருக்கும் அவள் டீச்சர்தான். கிளென் சிரம்பானில் ஏர்கோன், குளிர்சாதனம் மாட்டும் தொழில் செய்தான். அதில் அவனுக்குக் கூட்டாளி வேறு யாருமல்ல, அவனுடைய அக்காள் பமீலாவின் கணவன் மகேந்திரன். வேன் மகேந்திரனுடையது, கடை மகேந்திரனுடையது, ஓடியாடி வேலை செய்வது கிளென்.

இசபெல் கால் உடைந்து படுத்த மறுவாரம் பமீலா புருஷனை விட்டு வெளியேறினாள்.

சிரம்பானை ஒட்டிய ராசாவிலிருந்த வீட்டைப் பூட்டாமல்கூட, ஒரு பையோடு பஸ் ஏறி, தூரத்து ஊரான பகாவுக்குப் போய்விட்டாள். பள்ளித் தோழி ஒருத்தி அங்கே துணிக்கடையில் வேலை வாங்கிக் கொடுத்து, கடைக்காரம்மாவின் வீட்டிலேயே ஓர் அறையும் பிடித்துக் கொடுத்தாள். மகேந்திரன் அடித்த அடியில் பமீலாவின் இடது காதுச் சவ்வு கிழிந்திருந்தது. அடிப்பது புதிதல்ல. காது கேட்காமல் போனதுதான் புதிது.

செய்தி வீட்டுக்கு வந்த அன்று ஹரோல்ட் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"இனிமே அவ பேர இந்த வீட்டுல யாரும் எடுக்கக் கூடாது. கோவில்ல மோதிரம் மாத்திக்கிட்டு, பிறகு புடிக்கலன்னு ஓடிப்போறதா? நாளைக்கு நான் எப்படிலா பூசைக்குப் போவேன்?"

"அவ காதுல ரத்தம் வந்துச்சாம்" என்றாள் இசபெல்.

"ரெண்டு பேரும் பேசித் தீர்த்துக்கணும். ஓடுனா தீந்துடுமா?"

கிளென் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தம்பி மனசுக்குள் அக்காவுக்காக வருந்துகிறான் என்று இசபெல் நினைத்துக்கொண்டாள்.

அதன்பிறகு பகல்தான் அம்மாவுக்கும் மகளுக்கும் உரிய நேரமாயிற்று. ஹரோல்ட் ஆலையில் இருப்பார், கிளென் வேலைக்குப் போயிருப்பான். கடையில் சாப்பாட்டு நேரம் வந்ததும் பமீலா வாட்ஸ்அப்பில் கூப்பிடுவாள். வீடியோவில் முகத்தைக் காட்டிவிட்டு, போனை வலது காதுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். அப்புறம் திரையில் அவளுடைய கம்மலும் கழுத்தும்தான் தெரியும். இசபெல் அந்தக் கம்மலைப் பார்த்தபடியே பேசுவாள். கடையில் கைலி மடிக்கிற கதை, கடைக்காரம்மா வளர்க்கிற பூனைக் கதை, ஒன்றுமில்லாத கதை. ஒருநாள் பமீலா சொன்னாள்: "மம்மி, நீங்க மட்டும் பேசலன்னா நான் எப்பவோ திரும்பிப் போயிருப்பேன்."

அப்படிப் பேசிக்கொண்டிருந்த ஒரு பகலில் கிளென், எதையோ மறந்துவிட்டேன் என்று திடீரென்று வீட்டுக்கு வந்தான். இசபெல் போனைப் போர்வைக்குள் மறைத்தாள். அக்காவின் குரல் போர்வைக்குள்ளிருந்து "மம்மி? மம்மி?" என்று கேட்டது. கிளென் காதில் விழாதவன் போல மேசையிலிருந்த, மின்சாரம் சோதிக்கும் ஒரு டெஸ்ட் பேனாவை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாளிலிருந்து இசபெல்லின் கைப்பேசியில் இணையம் வரவில்லை.

முதலில் அவள் பதறவில்லை. மழை பெய்தால் லைன் போவது வழக்கம்தான். ஆனால் கூடத்தில் டிவி ஓடியது. ஹரோல்ட் வேலை முடிந்து வந்து நாற்காலியில் சாய்ந்தபடி போனில் ஏதோ பார்த்துச் சிரித்தார். கிளெனின் லேப்டாப்பும் வேலை செய்தது. அவள் போனில் மட்டும் வைஃபைச் சின்னம் முழுசாகத் தெரிந்தது, பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி. தொட்டுப் பார்த்தால், இணைப்பு உண்டு, இணையம் இல்லை என்றது.

"கிளென், என் போன்ல மட்டும் லைன் வரலடா."

"அப்படியா மம்மி? குடுங்க."

கட்டிலோரம் உட்கார்ந்து போனை வாங்கினான். அணைத்துப் போட்டான். திரையைச் சட்டை நுனியால் துடைத்தான். கூடத்துக்குப் போய், திருஇருதயப் படத்துக்குக் கீழே பலகையில் இருந்த மோடத்தின் சுவிட்சை அணைத்து, கொஞ்சம் பொறுத்துப் போட்டான். ஹரோல்டின் டிவி நின்றுபோய் அவர் ஏதோ முணுமுணுத்தார். மோடத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகின. டிவி வந்தது. இசபெல்லின் ஆச்சரியக்குறி அப்படியே இருந்தது.

"பழைய போன் மம்மி. உள்ள சிப் ரோசாக், கெட்டுப் போயிருக்கும். பாப்போம்."

மறுநாள் பகலில் இசபெல் தானே முயற்சியில் இறங்கினாள். எத்தனையோ பிள்ளைகளுக்கு அகரம் பழக்கியவளுக்கு இது முடியாதா? டிவியில்தான் யூடியூப் வருகிறதே. ரிமோட்டை வைத்து ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டியதில், தமிழ்நாட்டுப் பையன் ஒருவன் வந்து "வணக்கம் நண்பர்களே" என்று மூச்சுவிடாமல் பேசினான். வைஃபை இணைந்தும் இணையம் வராவிட்டால் என்ன செய்வது என்று அவன் காட்டக் காட்ட, அவள் நிறுத்தி நிறுத்திச் செய்தாள். விமானப் பயண முறையைப் போட்டு எடுத்தாள். தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். வீட்டு வைஃபையை மறந்துவிடு என்று போனுக்குக் கட்டளை கொடுத்து, பாஸ்வர்டை மறுபடியும் அடித்தாள். போன் உடனே அவளை அடையாளம் கண்டு சேர்த்துக்கொண்டது. ஆனால் வாட்ஸ்அப் சுற்றிச் சுற்றி நின்றது. மகளின் பெயருக்குப் பக்கத்திலிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அன்று மாலை ஹரோல்டிடம் கேட்டாள்: "உங்க போன கொஞ்சம் தாங்களேன்."

"யாருக்கு?"

அவர் குரலில் கோபம்கூட இல்லை. தலையைத் திருப்பாமல் கேட்ட ஒரு சொல்தான்.

"சும்மாதான். விடுங்க" என்றாள்.

கிளென் விடுகிற மாதிரி இல்லை. அடுத்த நாள் வேலையிலிருந்து வரும்போது வயர்ச் சுருளும் கிளிப்பும் ஆணியும் கொண்டுவந்தான். "சிக்னல் வீக்கா இருக்கலாம் மம்மி. மோடத்த உங்க ரூமுக்கே மாத்திடுறேன்" என்றான். கூடத்துச் சுவரோரம் முழங்காலில் உட்கார்ந்து, வயரை நேர்கோடாகப் பிடித்து, கிளிப்புகளை ஒரே அளவு இடைவெளியில் அடித்துக்கொண்டே போனான். கதவு நிலையில் சின்னதாக ஓட்டை போட்டு வயரை உள்ளே கொண்டுவந்தான். மோடம் இசபெல்லின் கட்டிலுக்குப் பக்கத்தில், மருந்து வைக்கிற ஸ்டூலின்மேல் வந்து உட்கார்ந்தது. வியர்வையில் அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"இப்ப பாருங்க."

அவள் பார்த்தாள். சின்னம் முழுசாக இருந்தது. ஆச்சரியக்குறியும் இருந்தது.

"ஐயோ" என்றான் கிளென். உண்மையாகவே வருந்துகிறவன் போலத் தலையைச் சொறிந்தான். "கம்பெனிக்கு ரிப்போர்ட் பண்ணிடுறேன் மம்மி. ஆள் வருவாங்க."

அன்று செபத்தில், இந்தக் காலத்தில் தாய்க்காக இப்படி முழங்கால் போட்டு வேலை செய்கிற பிள்ளையைக் கொடுத்ததற்காக இசபெல் ஆண்டவருக்கு நன்றி சொன்னாள்.

ஆள் வரவில்லை. நாட்கள் போய்க்கொண்டிருந்தன. இசபெல் பகல் முழுவதும் யூடியூப்பில் பாடம் படித்தாள். பமீலாவைத் தவிர எல்லோரும் அந்த டிவியில் பேசினார்கள். ஒரு வீடியோவில் ஒருவன் சொன்னான்: வீட்டில் எல்லாக் கருவிகளும் வேலை செய்து ஒன்று மட்டும் செய்யவில்லையென்றால், அந்தக் கருவியை யாராவது தடுத்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள், பிள்ளைகள் அதிக நேரம் பார்க்காமலிருக்கப் பெற்றோர் அப்படிச் செய்வதுண்டு, பிறகு மறந்துவிடுவார்கள். மோடத்தைப் பார்த்துக்கொள்ளும் செயலி யாருடைய போனில் இருக்கிறதோ அவர்களால் எங்கிருந்தும் அதைச் செய்ய முடியும்.

கிளென் வந்ததும் அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஏன்டா, தெரியாத்தனமா ஒன் போன்ல கை பட்டு என் போன தடுத்து வச்சிட்டியோ? அப்படியெல்லாம் நடக்குமாம்."

கிளென் சிரித்தான். "மம்மி! யாரு ஒங்கள பிளாக் பண்ணப் போறா? ரொம்ப யூடியூப் பாக்குறீங்க லா."

அறை வாசலில் நின்றிருந்த ஹரோல்டும் சிரித்தார். இசபெல்லுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பிள்ளையைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று அன்று அவனுக்கு இரண்டாவது தடவை மீன் வைத்தாள், நாற்காலியில் உட்கார்ந்தபடியே எட்டி.

பக்கத்து வீட்டுத் திலகா தினமும் ஒருதரம் எட்டிப் பார்ப்பாள். இசபெல்லிடம் பாலர் பள்ளியில் படித்தவள். இப்போது அவளும் அவள் கணவன் அர்ச்சுனனும் நாற்றுப் பண்ணையில் வேலை செய்தார்கள்.

"என்னா டீச்சர், இன்னும் லைன் வரலியா?"

"வரலம்மா. செபக்குழுல என்னா பேசிக்கிறாங்கன்னே தெரியல."

"போன குடுங்க. சாயந்தரம் சந்திப்புக்குப் போவேன்ல, என் ஹாட்ஸ்பாட்டுல போட்டு மெசேஜெல்லாம் எறக்கிக்கிட்டு வந்து தரேன். நீங்க எதாச்சும் அனுப்பணும்னாலும் சொல்லுங்க, தட்டி விட்டுடறேன்."

இசபெல்லின் கை போனை நோக்கிப் போனது. பிறகு நின்றது. மெசேஜ் இறங்கினால் பமீலா எழுதியது இறங்கும். திலகா படிக்காவிட்டாலும் கண்ணில் படும். டீச்சர் மகள் புருஷனை விட்டு ஓடிவந்து பகாவில் துணி மடிக்கிறாள் என்பது மறுநாள் நாற்றுப் பண்ணையில் பேச்சாகும், அதற்கடுத்த நாள் ஆலையில் ஹரோல்டின் காதில் விழும். இத்தனை நாளும் யார் கேட்டாலும் பமீலா ராசாவில் நல்லா இருக்கிறாள் என்றுதான் அவள் சொல்லிவந்தாள்.

"வேணாம்மா. கிளென் பாத்துக்குறான்."

"சரி டீச்சர்" என்று திலகா போய்விட்டாள். மறுநாளும் கேட்டாள். மறுநாளும் இசபெல் வேண்டாம் என்றாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், இசபெல் போனைத் தொடக்கூட இல்லை. கட்டிலில் சாய்ந்து, மாவுக்கட்டுக்குள் அரிப்பெடுத்த இடத்தைக் கம்பியால் சொறிந்துகொண்டிருந்தாள். ஸ்டூலின்மேல் போன் அதிர்ந்தது. நின்றது. பிறகு நிறுத்தாமல் அதிர்ந்து அதிர்ந்து ஸ்டூலின் விளிம்புவரை நகர்ந்தது. கீழே விழுமுன் பாய்ந்து பிடித்தாள். ஆச்சரியக்குறியைக் காணோம்.

தவறிய அழைப்புகள் வரிசையாக வந்தன, எல்லாம் பமீலா. அவற்றுக்கிடையே மெசேஜுகள்.

"மம்மி போன எடுங்க."

"என்னாச்சு, கால் வலியா?"

"அவர் இங்க வந்துட்டார். கடை முன்னாடி நின்னு சத்தம் போட்டார். கடைக்காரம்மா ரூம காலி பண்ணச் சொல்லிட்டாங்க. கொஞ்ச நாளு அங்க வந்து இருக்கலாமா? டேடிகிட்ட கேட்டுச் சொல்லுங்க."

"ஒரு டிக்தான் வருது. போன் ரோசாக்கா?"

"கிளென் போன் பண்ணான். நீங்க என் நம்பர பிளாக் பண்ணிட்டீங்களாம். நான் நம்பல."

"பிளாக் பண்ணாலும் ஒரு டிக்தான் வருமாம். கடையில சொன்னாங்க. மம்மி, ஒரு வார்த்தை மட்டும் சொல்லுங்க."

கடைசி மெசேஜ் அன்று காலையில் அனுப்பியது. "சரி மம்மி. கிளென் வேன் எடுத்துட்டு வந்துருக்கான். ராசாவுக்குப் போறேன். இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன்."

இசபெல் உடனே கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டாள். எழுதினாள். இரண்டு டிக் விழுந்தது, இரண்டும் நீலமாயின. பதில் இல்லை.

ஹரோல்ட் வேலை முடிந்து வந்தபோது அவள் கூடத்து நாற்காலியில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"போன்ல லைன் வந்துருச்சு" என்றாள்.

பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்த ஹரோல்ட் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "தொறந்து விட்டுட்டானா? நல்லதாப் போச்சு."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஒரு பூட்ஸைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றார். அவள் கத்தவில்லை, அழவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்களுக்கும் தெரியுமா?"

"அவ வீடு போயி சேர்ற வரைக்கும்னு சொன்னான். ஒன் நல்லதுக்குத்தான் இசபெல்லு. நீ பேசப் பேச அவ அங்கயே ஒக்காந்துருப்பா. இப்ப பாரு, போயிட்டா. குடும்பம்னு ஆயிருச்சு."

"நான் பாஸ்வர்டு அடிச்சு அடிச்சுப் பாத்துக்கிட்டு இருந்தேன். நீங்க அந்த வாசல்ல நின்னு சிரிச்சீங்க."

ஹரோல்ட் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். வெகுநேரம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

கிளென் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தான். அப்பாவின் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டான். ஓடவில்லை, ஒளியவுமில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தான்.

"மம்மி, கோவப்படாம கேளுங்க. மாமா தொழில முடிச்சுக்கலாம்னு சொல்லிட்டாரு. ஒங்கக்கா வரலன்னா நீயும் வராதன்னாரு. புதுசா ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஏர்கோன் மாட்டுற வேல வந்துருக்கு. நான் இதுல எத்தன வருஷமா கஷ்டப்படுறேன்னு ஒங்களுக்குத் தெரியாதா? அக்கா ஒரு கோவத்துல போனா. கோவம் தணிஞ்சா வந்துடுவா. நீங்கதான் தணிய விடல."

"நான் அவள பிளாக் பண்ணேன்னு சொன்னியா?"

கிளென் தரையைப் பார்த்தான். "அப்படிச் சொன்னாதான் வருவா."

"அந்த மோடத்த எதுக்குடா என் கட்டிலுக்குப் பக்கத்துல கொண்டாந்து வச்ச?"

இதை அவன் எதிர்பார்க்கவில்லை.

"தடுத்தது தடுத்துட்ட. அதோட விட்டிருக்கலாம்ல. முட்டி போட்டு ஆணி அடிச்சியே. ஐயோன்னு தலையச் சொறிஞ்சியே. அதுக்காக நான் சாமிகிட்ட நன்றி சொன்னேன்டா."

"நீங்க சந்தேகப்படக் கூடாதுன்னுதான்..." என்று ஆரம்பித்தவன் எழுந்து மோட்டாரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

மறுநாள் திலகா எட்டிப் பார்த்தபோது இசபெல் எல்லாவற்றையும் சொன்னாள். காது கிழிந்ததை, பகாவை, செபக்குழுவுக்காகத்தான் லைன் வேண்டும் என்று பொய் சொன்னதை. திலகா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கேட்டாள். முடிந்ததும், "டீச்சர், பமீலாக்கா வீட்ட விட்டுப் போனது எங்களுக்கு அப்பவே தெரியும். பகாவுல என் சின்னம்மா இருக்காங்க, அவங்க கடையில பாத்தாங்க. நீங்க சொல்லல, அதனால நாங்களும் கேக்கல" என்றாள்.

இசபெல் ஊன்றுகோலை எட்டி எடுத்துக்கொண்டு, "என்னய ராசாவுக்குக் கூட்டிக்கிட்டுப் போறீங்களா?" என்று கேட்டாள்.

அர்ச்சுனன் தன் பழைய காரின் முன் இருக்கையைப் பின்னால் தள்ளி, அவளைக் கைத்தாங்கலாக உட்கார வைத்தான். ராசாவில் மகேந்திரனின் வீட்டு வாசலில் ஏர்கோன் வேன் நின்றது. இரும்புக் கேட்டைத் திறந்தது மகேந்திரன்.

"அட, அத்தை! காலோட எதுக்கு அலையுறீங்க? சொல்லியிருந்தா நாங்களே வந்திருப்போம்ல. வாங்க, உள்ள வாங்க."

அவ்வளவு மரியாதை. நாற்காலி போட்டான், காலுக்கு ஒரு ஸ்டூல் போட்டான், மின்விசிறியைத் திருப்பி விட்டான். பமீலா உள்ளேயிருந்து தேநீர் கொண்டுவந்தாள். தட்டை வைத்துவிட்டு நின்றாள். மகேந்திரனுக்குப் போன் வர, அவன் வாசலுக்குப் போனான்.

இசபெல் அவசர அவசரமாகச் சொன்னாள். வைஃபையை, கிளெனை, டேடியை. மகளின் வலது பக்கமாகச் சாய்ந்து, வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று விழ. பமீலா கேட்டுக்கொண்டிருந்தாள். தம்பி பெயர் வந்தபோதுகூட அவள் முகம் மாறவில்லை.

"கிளென் அப்படித்தான் செய்வான் மம்மி. டேடியும் அப்படித்தான். அவங்ககிட்ட நான் எதையும் எதிர்பாக்கல" என்றாள். "ஒங்க போன்ல லைன் இல்ல. சரி. திலகா தெனைக்கும் வருவாளே. அவகிட்ட ஒரு வார்த்த சொல்லி அனுப்பியிருக்கலாமே?"

இசபெல் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"சொல்லியிருக்கலாம்" என்றாள்.

"ஊருக்குத் தெரிஞ்சிடும்னு பயந்தீங்க."

"ஆமா."

பமீலா தலையை ஆட்டினாள். கணக்குச் சரியாக வந்துவிட்டது போன்ற ஓர் ஆட்டம். "நான் அந்த ரூம்ல ஒக்காந்து, ஒங்களுக்கு என்னமோ ஆயிடுச்சு போலன்னு மொதல்ல அழுதேன். அப்புறம் கிளென் சொன்னத நம்புனேன். நம்புனப்ப அழுகைகூட வரல." வாசலில் மகேந்திரன் பேசி முடிக்கும் சத்தம் கேட்டது. அவள் குரலைத் தாழ்த்தினாள். "தேத்தண்ணி ஆறுது. குடிங்க."

"இப்ப வந்துடு. கார் வாசல்ல நிக்குது."

"எங்க வர்றது மம்மி? அந்த வீட்டுக்கா?"

மகேந்திரன் உள்ளே வந்தான். பமீலா காலித் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். இசபெல் புறப்படும்வரை அவள் வெளியே வரவில்லை.

மாவுக்கட்டை வெட்டி எடுத்த பிறகு இசபெல்லின் கால் பழையபடி ஆகவில்லை. கொஞ்சம் சாய்த்துத்தான் நடந்தாள். வீட்டில் எப்போதும்போல் சமைத்தாள், துவைத்தாள். கிளென் கேட்டால் பதில் சொன்னாள், அவளாக எதுவும் கேட்கவில்லை. அவன் ஒரு புதுப் போன் வாங்கிவந்து பெட்டியோடு மேசையில் வைத்தான். பெட்டி பிரிக்காமலே கிடந்து, பிறகு ஒருநாள் ஹரோல்ட் அதை எடுத்துப் பயன்படுத்திக்கொண்டார். பள்ளிக்கூட வேலை நல்லபடியாக முடிந்தது. அடுத்து ஒரு மண்டபத்துக்கு ஏர்கோன் மாட்டும் வேலையும் வந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஹரோல்ட் தலை நிமிர்ந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

சனிக்கிழமைதோறும் இசபெல் மேடேறி, பெரிய சாலைக்கு நடந்து, பஸ் பிடித்து ராசாவுக்குப் போனாள். ஹரோல்ட் எங்கே என்று கேட்டார். "என் மக வீட்டுக்கு" என்றாள். அவர் வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடினார், கிடைக்கவில்லை. மகள்தான் புருஷன் வீட்டில் இருக்கிறாளே.

பமீலா அவளோடு அதிகம் பேசவில்லை. சில வாரங்கள் தேநீர் வைத்துவிட்டுப் போய்விடுவாள். சில வாரங்கள் அதுவும் இல்லை. ஒரு சனிக்கிழமை அவள் கன்னத்து எலும்பின்மேல் மஞ்சள் பூத்த தடம் ஒன்று இருந்தது. இசபெல் அதைப் பார்ப்பதைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்கடுத்த வாரம் சனிக்கிழமைவரை காத்திருக்காமல் இசபெல் புதன்கிழமையே போனாள்.

மகேந்திரன்தான் கேட்டருகே வந்தான். பழைய சிரிப்பு இப்போது அவனிடம் குறைந்திருந்தது.

"அத்தை, இன்னைக்கு என்ன? பமீலா தூங்குறா. தலவலின்னா."

"தூங்கட்டும்" என்றாள் இசபெல். "எந்திரிச்சா பாத்துக்குறேன். நீங்க ஒங்க வேலையப் பாருங்க."

அவன் கேட்டைப் பிடித்தபடி நின்றான். பக்கத்து வீட்டில் ஒரு பெண் துணி காயப் போட்டுக்கொண்டே இந்தப் பக்கம் பார்த்தாள். இசபெல் அந்தப் பெண்ணுக்குச் சத்தமாக வணக்கம் சொன்னாள். தான் பமீலாவின் அம்மா என்றும், இனி அடிக்கடி வருவேன் என்றும் சொன்னாள். மகேந்திரன் கேட்டைத் திறந்துவிட்டான்.

அவள் உள்ளே போய், பமீலாவின் அறைக் கதவு தெரிகிற நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தாள். கதவு மூடியிருந்தது. உள்ளே யாரோ புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. தூங்குகிறவர்கள் அப்படிப் புரள்வதில்லை. அவள் கூப்பிடவில்லை. மகேந்திரன் கொஞ்ச நேரம் அங்கும் இங்கும் நடந்துவிட்டு, வேன் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகும்வரை கதவு திறக்கவில்லை. இசபெல் எழுந்து, மரத்துப்போன காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, மூடிய கதவைப் பார்த்து, "வெள்ளிக்கிழமை வரேன்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.